எங்களுக்கு வராத வியாதி

எங்கள் தோட்டத்து டாக்டர் துரை பொய் எழுதியிருக்கிறார். மலையில் இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்ததில் ஒரு கூலிப் பெண்ணுக்குக்கூட மார்பில் புற்று வந்து தாம் கண்டதில்லை என்றும், அது வெள்ளைக்காரப் பெண்களுக்கே வரும் வியாதி என்றும் துரைமார் படிக்கும் இங்கிலீஷ் பத்திரிகையில் போட்டிருக்கிறார். நான் கண்டேன். அவரும் கண்டார்.

குந்தாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தபோது நடந்தது இது. யுத்தம் தொடங்குவதற்கு முந்தின மழைக்காலம். தோட்டத்து மானேஜரான பெரிய துரையின் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது. டாக்டர் துரை தொட்டுப் பார்த்த அன்றே பயந்துவிட்டார். ஒரே வாரத்தில் அந்த அம்மாளைச் சென்னைக்கு அனுப்பி ஆப்பரேஷன் செய்தார்கள். போவதற்கு முன் அவரைக் குளிப்பாட்டியவள் நான். கட்டியைத் தொட்டிருக்கிறேன். கூழாங்கல் மாதிரி இருந்தது, நகரவில்லை. அந்த அம்மாள் பிழைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அடுத்த மாதமே, கூலிகள் குடியிருக்கும் எதிர் லயத்திலிருந்து ஓர் அக்கா வந்தாள். கொழுந்து பறிப்பவள், வாய்த்துடுக்கு அதிகம்.

"ஏனுங்க நர்சம்மா, இங்க என்னமோ கல்லாட்ட இருக்குதுங்க, பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அதே கல்.

டாக்டர் துரையிடம் கூட்டிப் போனேன். சேலைக்கு மேலேயே ஒரு தடவை அழுத்தினார். அம்மாளுக்கு இருந்தது போலவே இருக்கிறது என்று சொன்னேன். சிரித்தார்.

"உங்க ஆளுக்கு அது வராது. உங்க பொம்பளை நெறைய புள்ளை பெக்குது, நெறைய பால் குடுக்குது. இது பால் கட்டு" என்று சொல்லி, பூச ஒரு மருந்து கொடுத்து, அப்படியே ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும் எழுதினார்.

அவளுக்குப் பிள்ளையே இல்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் ஒரு கருவும் தங்கவில்லை. அதை அவர் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து நானும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவள்தான் சிரித்தாள்.

"பாலே ஊறாத மாருல பால் கட்டிக்கிச்சாமா. சாமிகிட்ட இத்தன வருசம் கேட்டுக் கெடைக்காத புள்ளைய தொரை ஒரு நிமிசத்துல குடுத்துட்டாருங்க."

"சும்மா இரு, அக்கா. மருந்தப் போடு, செரியாப் போயிரும்" என்றேன். என் விரலுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அவர் வாயை நம்பினேன். நம்பினேன் என்பதுகூடச் சரியில்லை. நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மழை விடுவதற்குள் கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. கூடையைத் தூக்கக் கை எழவில்லை. நாற்றத்துக்குப் பயந்து பக்கத்தில் நின்று பறிக்க ஆளில்லை. வேலைக்கு ஆகாதவர் பெயரை வெட்டிக் கீழே சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவது தோட்டத்து வழக்கம். அவளையும் அவள் புருஷனையும், கூலிகளை மேய்க்கும் கங்காணி தேயிலைப் பெட்டி போகும் லாரியில் ஏற்றினார்.

"நானும் வெள்ளையாப் பொறந்திருந்தா மெட்ராசப் பாத்திருப்பேனுங்க நர்சம்மா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் செத்துப்போனாள் என்று புருஷன் வந்து சொன்னான். ஆஸ்பத்திரிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயருக்கு எதிரே பால் கட்டு என்றும், ஊருக்குப் போனாள் என்றும் இருந்தது. அவ்வளவுதான். கீழே போய்ச் செத்தவள் எங்கள் புத்தகத்தில் சாகவில்லை. பழைய பக்கங்களைத் திருப்பினேன். பால் கட்டு, ஊருக்குப் போனாள் என்று இன்னும் சில பெண்கள் இருந்தார்கள்.

வெள்ளைக்காரப் பெண்களுக்கு இந்த வியாதி அதிகமாக வரலாம், எங்களுக்குக் குறைவாக வரலாம். எனக்குத் தெரியாது. எங்கள் ரவிக்கையை விலக்கிப் பார்க்காத அவருக்கும் தெரியாது. அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்பதும் தெரியாது. திறக்காதது என் குற்றம், இன்றுவரை அது என்னைத் தூங்கவிடவில்லை. அதை இங்கே எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டேன். டாக்டர் துரை பால் கட்டு என்று எழுதி, பிறகு ஊருக்குப் போன பெண்களில் ஒருத்தியாவது என்ன ஆனாள் என்று எப்போதாவது விசாரித்தாரா? அவர், நான் இதை எழுதும் இந்தத் தமிழ்ப் பத்திரிகையிலேயே, எங்கள் பெண்களுக்குப் படித்துக் காட்டும்படி, பதில் எழுத வேண்டும்.