இலை போன பக்கம்

மரத்தில் ஏறி உட்கார்ந்ததும் சித்தன் முதலில் ஒரு பலா இலையைப் பறித்துக் கீழே விடுவார். அது தரையைத் தொடும்வரை பார்த்திருந்து, பிறகுதான் இடுப்பிலிருந்து அரிவாளை உருவுவார். தலைச்சோலை எஸ்டேட்டுக்கு நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன்.

மழைக்கு முன் நிழல் கழிப்பது அவர் வேலை. காப்பிச் செடிக்கு வெளிச்சம் இறங்க, மேலே கவிந்த பலாக் கிளைகளை வெட்டி விடுவார். விழுந்ததை நாங்கள் இழுத்து ஒதுக்குவோம்.

"பள்ளத்துப் பக்கம் போவுது, மேட்டுக்கு வந்துருங்க!" என்று இலையைப் பார்த்து மேலிருந்து குரல் கொடுப்பார்.

மேட்டுப் பக்கம் அடிமரத்தை ஒட்டி நிற்போம். தழையோடு வரும் கிளையைக் காற்று ஏந்திக்கொள்ளும். சலசலத்து, தயங்கி, இலை போன பக்கமே தள்ளி விழும்.

போன வைகாசியில் அவர் மனைவி பூவாயி அக்கா ஆடு வாங்கினார்.

"ஏனுங்க, சேத்துல உழுந்த தழையை ஆடு மோந்துகூடப் பாக்கறதில்லீங்க. மேலயே உருவிச் சாக்குல எறக்குங்க."

"உன்ற ஆட்டுக்கு இனி வட்டல்ல வெச்சுத் தரோணுமா?" என்று சிரித்தபடியே சித்தன் உருவினார்.

மொட்டையாக வந்த முதல் கிளை எனக்குப் பிடிக்கவில்லை. சத்தமில்லை. சாயவில்லை. அடிமரத்துக்குப் பக்கத்திலேயே ஈரமண்ணில் குத்தி நின்றது.

"அக்கா, தழை இல்லாததைக் காத்து தள்றதில்லீங்க. நேரா வருது."

உடன் வேலை செய்யும் சுகுணா கைதட்டினாள். "வாயே தொறக்காதவ பேசிட்டா, இன்னைக்கு நொம்ப மழைதான்!"

பூவாயி அக்காவும் சிரித்தார். "இத்தன வருசமா அந்த எலை தப்புனதே இல்ல கண்ணு."

அடுத்த இலையும் பள்ளத்துக்கே மிதந்து போனது. சித்தன் குரல் கொடுத்தார். நான் சுகுணாவின் கையைப் பிடித்துப் பாதைவரை இழுத்துப் போனேன். பூவாயி அக்கா வழக்கம்போல் அடிமரத்தடியில் நின்று, தழைச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே காற்று பலமாகத்தான் இருந்தது. அது பிடித்துத் தள்ள அந்தக் கிளையில் ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்க்க ஒரு சலசலப்பாவது கேட்க வேண்டும், அதுவும் இல்லை.

பிறகு கேட்டது சித்தனின் குரல்தான். பெயர்கூட வரவில்லை. இறங்கி முடியும்வரை "ஏய், ஏய்" என்றே கத்தினார்.

இப்போது பூவாயி அக்காவுக்கு வலது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. ஆடுகள் இருக்கின்றன, விழுந்த தழையைக் கழுவிப் போடுகிறார். சித்தன் இன்னும் மரம் ஏறுகிறார். இலை விடுவதில்லை. கீழே யாரும் இல்லை என்று நான் பாதையிலிருந்து கத்திச் சொன்ன பிறகுதான் வெட்டுகிறார்.