ஃபேன் உதை

அந்த உதைக்கு விளையாட்டில் ஏதோ வெளிநாட்டுப் பெயர் உண்டு. மாரண்டஹள்ளியில் நாங்கள் ஃபேன் உதை என்றுதான் சொல்வோம். ஆள் தரையை விட்டு எழும்பி, ஒரு காலை நீட்டியபடி சீலிங் ஃபேன் மாதிரி சுழன்றுகொண்டே எதிராளி மேல் போவான். கட்டைவிரல் கீழே அழுத்தி, அப்படியே ஆளின் பின்பக்கம் வழுக்கி வர, அதே மூச்சில் உதைக்கும் பட்டனையும் தட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஆள் குனிந்து சும்மா காலை ஆட்டிவிட்டு அடி வாங்குவான்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மொபைல் கடையின் பின்னறையில் ஒரு பழைய டிவியும் கேம் பெட்டியும் இருந்தன. நானும் என் மாமன் மகனும் அங்கேதான் பழகினோம். திரையின் இடப்பக்கம் எப்போதும் நான், வலப்பக்கம் அவன். அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. எதிராளியின் தலைக்கு மேல் தாவி அந்தப்பக்கம் போனால், அடிக்கும் முன் திரும்பத் தாவி வந்துவிட வேண்டும். படுத்திருப்பவனைத் தாண்டினால் அவன் வளரமாட்டான், தாண்டியவன் திரும்பத் தாண்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்களே, அதையே திரையிலும் வைத்துக்கொண்டோம். உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

தர்மபுரியில் கல்லூரி மூன்றாம் வருடம். எங்கள் துறைக்கு இரண்டு பேர் கொண்ட கேமிங் டீம் எடுத்தார்கள். ஓர் இடம் முடிவாகிவிட்டது. மற்றதற்கு நானும், பெங்களூரில் பள்ளி படித்து வந்த வகுப்புத் தோழனும். அந்த இடத்துக்காகத் தவித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், ஒழுங்காகப் படிப்பேன். அதனால் வகுப்புப் பையன்கள் அசைன்மென்ட் கேட்டு என் விடுதி அறைக்கு வருவார்கள். அவர்கள் அறைக்கு என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

விடுதியில் சீனியர் அறையில் ஆட்டம் தொடங்கியதுமே பெங்களூர்க்காரனின் ஆள் என் தலைக்கு மேல் தாவினான். திரும்பத் தாவுவான் என்று பட்டனை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். முதுகில் உதை விழுந்தது. பதறி நான் போட்ட ஃபேன் உதையும் எழவில்லை. பக்கம் மாறினால் பின்பக்கமும் மாறிவிடும்; என் விரலுக்கு ஒரு பக்கம்தான் தெரியும்.

ஆட்டம் நடத்திய சீனியர், "ஏன்டா மரம் மாதிரி நின்ன?" என்றார்.

"தாண்டுனா திரும்பத் தாண்டணும்லங்கண்ணா."

அறை சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. அவரும் சிரித்தார். ஆனாலும் திங்கட்கிழமை இன்னொரு ஆட்டம் தருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்த கையிலும் கட்டைவிரல் இடவலமாக வழுக்கிக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது அம்மா, நரம்பில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். கை கழுவிக்கொண்டு கிளம்பினேன். மாமன் மகன் தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். அவனைக் கடைக்கு இழுத்துப் போய், என்னைத் தாண்டித் தாண்டி அடி என்றேன்.

"உன் தலையவா? நான் மாட்டேன் மச்சான்."

"அது பொம்மைடா."

"பொம்மைன்னாலும் அது நீதான்டா."

கெஞ்சினேன், திட்டினேன். மசியவில்லை. கடைசியில் அவனே என் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு தன்னுடையதை நீட்டினான். இப்போது வலப்பக்கம் நான். தாண்டாமலே பக்கம் மாறிவிட்டது. ஞாயிறு சாயங்காலம் வரை அடி வாங்கினேன். விரல் நுனி கன்றிப்போன பிறகு ஃபேன் அந்தப்பக்கமாகவும் சுற்றத் தொடங்கியது.

திங்கட்கிழமை பெங்களூர்க்காரன் தாவினான். அவன் ஆளின் கால் தரையில் பட்டதும் என் ஆள் திரும்பிச் சுழன்றான். யாரோ விசில் அடித்தார்கள். ஆளுக்கொரு சுற்று ஜெயித்தோம். கடைசிச் சுற்றில் என்னைத் திரையின் ஓரத்துக்கு நெருக்கி அடிக்க ஆரம்பித்தான். பின்னால் போக இடமில்லை. வெளியே வர ஒரே வழி அவன் தலைக்கு மேல்தான். மேலே என் உயிரைக் காட்டும் கோடு தேய்ந்துகொண்டே வந்தது. விரல் நகர மறுத்தது. பிறகு நகர்ந்தது. தாவினேன். அவன் முதுகுப்பக்கம் இறங்கினேன். திரும்பத் தாவவில்லை. உதைத்தேன்.

சீனியர் என் பெயரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். நான் தோற்றவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. கன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டுவிட்டு, "செம மூவ்டா. டீ குடிக்கப் போறோம், நீயும் வா" என்றான்.

எழுந்து போனேன். எல்லோரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். நான் அவன் பின்னாலேயே இறங்கினேன், உன்னைத் தாண்டிவிட்டேன் என்று சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல்.