நோர்வேக்காரர் நோர்வேக்காரராக நடித்த நாள்

லண்டனில் இப்போது நடிகர்கள் ஆடிஷன் தெரிவுக்கு நேரில் போவது குறைவு. வீட்டுச் சுவரோரம் நின்று நடித்து, போனில் பதிவுசெய்து அனுப்புகிறார்கள். எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தைக் கமராவுக்குப் பின்னால் நின்று ஒருவர் வாசிக்க வேண்டும். நாடகம் படித்துவிட்டுச் சின்ன அரங்கொன்றில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது. ஹரோவில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. யார் கேட்டாலும் ஓம் என்றேன். நடிகர்களுக்குப் பக்கத்தில் நிற்கக் கிடைத்தால் போதும்.

அந்த அரங்கில் அறிமுகமானவர்தான் நோர்வே நடிகர். இளவயதில் தன் ஊரான பெர்கன் நகர மேடைகளில் பெரிய ஆள். தொலைக்காட்சித் தொடரொன்றில் தீவு வைத்தியராக வந்து, அந்த நாடு முழுக்கத் தெரிந்த முகம். பிறகு லண்டன். பயிற்சியாளரை வைத்து, ஏறி இறங்கும் அந்த நோர்வே ராகத்தைத் தன் பேச்சிலிருந்து ஆண்டுக்கணக்காகத் தேய்த்து அழித்தார். கிடைத்ததெல்லாம் கூலிக்கொலைகாரன் வேடம். எங்கள் படக் கணக்கில் சொன்னால், இடைவேளைக்கு முன்பே செத்துவிடுவார்.

போன குளிர்காலத்தில் ஒரு பாத்திரம் வந்தது: மகளைத் தேடி லண்டனுக்கு வரும் நோர்வேத் தகப்பன். பாதி வசனம் நோர்வே மொழியில். "இதுவும் போனால் பெர்கனுக்கே திரும்பிவிடுவேன். அக்கா வீட்டில் ஓர் அறை இருக்கிறது," என்றார்.

எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் பல வருடமாக நோர்வேயில் இருக்கும் சித்தி, கலியாணமொன்றுக்காக ஒஸ்லோவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மகளின் வசனத்தை வாசிக்க அவரைக் கேட்டேன்.

"அந்த வைத்தியரோ? இங்கயோ? நான் இந்த உடுப்போட எப்பிடியடி நிக்கிறது?"

"கமராவில நீங்கள் வரமாட்டீங்கள் சித்தி. குரல் மட்டும்தான்."

"கமரா பாக்காட்டி என்ன, அவர் பாப்பார்தானே."

நடிகர் வந்தார், நடித்தார். அவர் குரல் உடைந்த இடத்தில், ஒரு சொல்லும் விளங்காமலே நான் போன் திரையைப் பார்க்க மறந்தேன். சித்தி மட்டும் தாளை மடித்தபடி தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"நல்லாத்தான் நடிக்கிறார். ஆனா பாஷை வேற மாதிரிக் கிடக்கு. எங்கட பிள்ளையள் இங்க தமிழ் கதைக்கிற மாதிரி."

"என்ன சொல்கிறார்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நன்றாக இருக்கிறதாம்," என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுச் சித்தியிடம் நோர்வே மொழியில் கேட்டார். சித்திக்கு அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. கையால் ஏற்றமும் இறக்கமும் காட்டி நீளமாகச் சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

திரும்பவும் எடுத்தோம். திரும்பவும். இப்போது ஒவ்வொரு சொல்லையும் தனக்குள் கேட்டுப் பார்த்தே பேசினார். தகப்பன் போய், வாய்மொழிப் பரீட்சைக்கு வந்தவர் போல நின்றார். சன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

"காணும் பிள்ளை, இனி வேண்டாம், முதல் எடுத்ததையே அனுப்பு," என்றார் சித்தி. நடிகரோ கடைசியாக எடுத்ததைத்தான் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

இந்தத் தொழிலில் 'இல்லை' என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், பதிலே வராது. அந்தத் தகப்பனாக வேறொருவர் நடிப்பதாகச் செய்தி வெளியான பிறகு ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, பெர்கனுக்கே போகிறேன் என்றார். ஸ்டேஷன் வரை கூடப் போனேன்.

"பெர்கனில் உங்களை எல்லோருக்கும் தெரியும்தானே," என்றேன், ஆறுதலாக இருக்கட்டுமென்று.

"போன கோடையில் அங்கே போயிருந்தேன்," என்றார். "பேக்கரிக் கடையில் பாண் கேட்டேன். நோர்வே மொழியில்தான் கேட்டேன். கடைக்காரன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அவனுக்குக் காதில்தான் ஏதோ கோளாறு என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்."

ரயில் தாமதம் என்று பலகை காட்டியது. இருவரும் நின்றுகொண்டேயிருந்தோம்.