ஸ்ரீரங்கன் திறவாத மடல்கள்

அபிராமபுரத்து ஸ்ரீரங்கன் முப்பத்தெட்டு வணிகர்களுக்கு வரிக்கணக்குத் தாக்கல் செய்துவந்தார். பெரும்பாலோர் தியாகராய நகரில் கடை வைத்திருக்கும் தென்மாவட்டத்தார். ஜி.எஸ்.டி. வந்த ஆண்டில், "மெயிலு கியிலெல்லாம் நமக்கு எதுக்கு சாமி? உங்களதையே போட்டுருங்க" என்று அவர்கள் சொல்ல, அத்தனை பேர் பதிவிலும் தம் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையுமே கொடுத்தார். அதை ஓர் உபகாரமாகவே எண்ணினார்.

சென்ற ஆண்டு அவர் மனைவி சுப்புலக்ஷ்மி புற்றுநோயால் படுக்கையில் விழுந்தார். பத்து மாதங்கள் மருத்துவமனைத் தாழ்வாரமே ஸ்ரீரங்கனின் அலுவலகம். மாதக் கணக்குகளை அங்கிருந்தே தவறாமல் அனுப்பினார். குவிந்த மடல்களை மட்டும் திறக்கவில்லை. பாத்திரக்கடை பொன்ராஜிடம் விளக்கம் கேட்ட நோட்டீசும் மூன்று நினைவூட்டல்களும் அக்குவியலுள் கிடந்தன. பதில் வாராமையால் வரியும் அபராதமும் கட்டும்படி அதிகாரி ஒருதலையாக உத்தரவிட்டார். மேல்முறையீட்டுக்குரிய கெடுவும் கழிந்தது. சுப்புலக்ஷ்மி இறந்து, பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், பொன்ராஜின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது.

"சரக்கெடுக்க வழியில்ல சாமி. கடையில பதினோரு பேரு சம்பளத்துக்கு நிக்காங்க. ஒரு கடுதாசிகூட வரலியே?"

"வந்தது, பொன்ராஜ். எனக்கு வந்தது. நான்தான் பாக்கலை."

உயர் நீதிமன்றத்தை நாடுவதொன்றே வழி என்றார் மயிலாப்பூர் வழக்கறிஞர் தாரணி. தாமதத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். பொன்ராஜ் முந்திக்கொண்டார்.

"சாமி பேரு வேண்டாம்மா. கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதுங்க. அண்டாவுல ஓட்டைன்னு நாமளே சீட்டு ஒட்டியா விக்கோம்?"

"நாலு மெயிலும் போய்ச் சேந்திருக்கு அண்ணாச்சி. பொய்னு தெரிஞ்சா மனு அன்னிக்கே காலி."

ஸ்ரீரங்கன் நிமிர்ந்தார். "என் பேரைப் போடும்மா. அலட்சியம்னே போடு. ஆத்துல உடம்பு சரியில்லேன்னு சமாதானமெல்லாம் எழுதிண்டு இருக்காதே."

அவ்வாறே எழுதப்பட்டது. கேட்ட தொகையில் காற்பங்கைக் கட்டும் நிபந்தனையுடன் நீதிமன்றம் உத்தரவை நீக்கி, மறுவிசாரணைக்கு அனுப்பியது. வங்கிக் கணக்கு திறந்தது, கடையும் பிழைத்தது. தீர்ப்பின் நகலோ வணிகர்களின் வாட்ஸப் குழுவில் கைமாறிக்கொண்டே இருந்தது. இரண்டு மாதங்களில் இருபத்தாறு பேர் வேறு ஆலோசகர்களிடம் சென்றனர். எவரும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சிலர் துக்கம் விசாரித்துவிட்டே கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிச் சென்றனர்.

மறுவிசாரணைக் கடிதத்தோடு பொன்ராஜ் வந்தார். "பதில நீங்களே எழுதணும் சாமி."

"தாரணி எழுதட்டும்."

"உங்கள நம்பலன்னா இம்புட்டுத் தூரம் வருவேனா?"

"நீங்க நம்பறேள். ஒவ்வொரு மடலையும் நாலு தரம் திறந்து பாக்கறேன், பொன்ராஜ். மூடினதும் என்ன படிச்சேன்னு நினைவில்லை. இந்தக் கையால உங்க கடைக்கு இன்னொரு தரம் கெடுதல் வரப்படாது."

பொன்ராஜ் தம் கடையின் கணக்குக் கோப்பைத் தாமே எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.