ஒரு இருமல் நவுன், ரெண்டு இருமல் வெர்ப்

டயர் கடை மாடியில் இருந்த அந்த ஆபீசில் அவளுக்கு அண்ணி என்றே பெயராகிவிட்டது. நாத்தனாரும் கூடவே வேலைக்கு வந்து, மூச்சுக்கு முந்நூறு தரம் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதால் வந்த வினை. வேலை என்னவோ உட்கார்ந்த இடத்தில்தான். திரையில் ஒரு ஆங்கில வாக்கியம் வரும். அதில் ஒரு சொல்லுக்கு மட்டும் மஞ்சள் அடித்திருக்கும். அது நவுனா, வெர்பா, அட்ஜெக்டிவா என்று பார்த்துத் தட்ட வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். வாட்டர் என்றால் தண்ணீர்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு நவுனில் தட்டிவிட முடியாது. செடிக்கு ஊற்றச் சொல்லும் இடத்தில் அதே வாட்டர் வெர்ப் ஆகிவிடும்.

ஒரே வாக்கியம் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் போகும். விடைகள் ஒத்துப்போனால் பச்சை, முட்டிக்கொண்டால் சிவப்பு. சிவப்பு கூடினால் ஜோடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டிப் பார்க்கக்கூடாது என்று இருவரையும் முதுகோடு முதுகாக உட்கார வைத்திருந்தார்கள். வைத்தால் என்ன? அண்ணிக்கு ஆங்கிலம் கைவந்த கலை, நாத்தனாருக்கு அது வேப்பங்காய். ஒரு இருமல் நவுன், ரெண்டு இருமல் வெர்ப், தொண்டையைச் செருமினால் அட்ஜெக்டிவ் என்று சேர்ந்த வாரமே பேசி வைத்துக்கொண்டார்கள். நாத்தனார் புருஷன் கைவிட்டவள், இடுப்பில் ஒரு குழந்தை. இந்த வேலையும் போனால் அவள் கதி அதோகதிதான்.

அன்றைக்கென்று பார்த்து மேலிடத்து மேடம் சோதனைக்கு வந்து, இருவருக்கும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து அண்ணிக்கு நிஜமாகவே ஜலதோஷம்.

முதல் சொல்லுக்கு ஒழுங்காக ஒற்றை இருமல் இருமினாள். அடுத்த சொல் வருவதற்குள் தொண்டையில் அரிப்பு கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்தாள், எச்சிலை விழுங்கினாள், கைக்குட்டையை வாயில் திணித்தாள். தப்பாக ஒரு இருமல் வந்தால் பின்னால் தப்பாக ஒரு பொத்தான் விழுமே! அடக்க அடக்க அது பொத்துக்கொண்டு வந்தது. லொக்கு லொக்கென்று அவள் இருமியதில் எது நவுன், எது வெர்ப் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். முதுகுக்குப் பின்னால் பொத்தான் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. அடிப்பாவி, கொஞ்சம் நிறுத்தித் தொலையேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்ட, வாங்கிக் குடித்தாள். கதை முடிந்தது என்றே நினைத்தாள்.

மேடம் இருவர் விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, கிட்டத்தட்ட எல்லாமே பச்சை, நல்ல ஜோடி என்று சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அண்ணியிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாடிப்படியில் இறங்கும்போது அண்ணி நாத்தனாரைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்படிடி போட்ட?"

"நானேதான் போட்டேன். ரொம்ப நாளாவே நானேதான் அண்ணி போடறேன்."

"அப்புறம் எதுக்குடி தினமும் என்னை இரும விட்ட?"

நாத்தனார் படியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"என் தொண்டை புண்ணாகித்தான் உங்க தங்கச்சி சோறு திங்கறான்னு அண்ணன்கிட்ட சொன்னீங்களே, அது என் காதுல விழுந்துச்சு. அன்னியிலேருந்து நானே படிச்சுக்கிட்டேன். இருமாதீங்கன்னு சொன்னா, நான் கேட்டது உங்களுக்குத் தெரிஞ்சுடுமே."

அண்ணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாத்தனார் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கிப் போனாள்.