மிதித்தாலும் ஏறாத லோரி

பணி ஓய்வு பெற்றவனிடம் யாராவது யோசனை கேட்டால், அவன் செய்யக்கூடிய பெரிய தவறு உடனே பதில் சொல்லிவிடுவது. நான் அதைத்தான் செய்தேன்.

கேட்டவன் என் மனைவியின் தம்பி. கிள்ளானில் இருக்கிறான். சொந்தமாக ஒரே ஒரு லோரி வைத்து அவனே ஓட்டுகிறான். விடிவதற்கு முன்பு மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, சுபாங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையின் கேண்டீனில் ஏழு மணிக்குள் இறக்க வேண்டும். அந்த ஒரு வேலையை நம்பித்தான் அந்த வீட்டில் உலை வைக்கிறார்கள். சில வாரங்களாக லோரி அவ்வப்போது நடுவழியில் சோர்ந்துபோய் நின்றது. இஞ்சின் ஓடும், ஆனால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறாது. மூன்று முறை நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஆமையாக ஊர்ந்து, எட்டு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தான். இன்னொரு முறை தாமதமானால் வேறு லோரி பார்த்துக்கொள்வதாகக் கேண்டீன் மேற்பார்வையாளர் அம்மாள் சொல்லிவிட்டார்.

"நான் பெடல மிதிக்கிறேன் மாமா, வண்டி என்னை மதிக்கமாட்டேங்குது" என்றான் போனில்.

"சென்சார்" என்றேன். வண்டியைப் பார்க்கக்கூட இல்லை.

முப்பது ஆண்டுகள் அரசாங்க வாகனப் பட்டறையில் இருந்தவன் நான். கடைசிப் பத்தாண்டுகள் கையில் கிரீஸ் படாமல், மற்றவர்கள் எப்படிப் பழுது பார்க்க வேண்டும் என்று படிவம் தயாரிக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கி பழுதானால்கூட யாரும் என்னைக் கேட்பதில்லை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரையும் சொந்தமாகத் தயாரித்த நான்கு பக்கப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறியபோது, உண்மையைச் சொன்னால், மைத்துனனைவிட எனக்குத்தான் உற்சாகம் அதிகம்.

இப்போதைய லோரிகளில் பெடலுக்கும் இஞ்சினுக்கும் நடுவே கம்பி கிடையாது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பெடலோடு ஒட்டியிருக்கும் சென்சார் அளந்து, மின்சாரமாக இஞ்சினின் கணினிக்குச் சொல்லும். ஒரே ஆள் சொல்வதை நம்ப முடியாது என்பதால் உள்ளே இரண்டு அளவிகள், இரண்டு சாட்சிகள் மாதிரி. இரண்டும் ஒத்துப்போனால் வண்டி ஓடும். ஒன்று மாற்றிச் சொன்னால் கணினி இரண்டையும் நம்பாது. வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் வேகம் கொடுத்துவிட்டு, மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும்.

அன்று இரண்டு சாட்சிகளும் தேர்ந்த பொய்யர்களைப் போல ஒரே கதையைச் சொன்னார்கள். மெதுவாக அழுத்தினேன், வேகமாக அழுத்தினேன், வயரைப் பிடித்து ஆட்டினேன். அளவு பிசகவே இல்லை. பெடல் தரையோடு பொருத்தப்பட்டிருந்ததால் அதன் சாக்கெட் கால்மிதிக்கு அடியில் இருந்தது. அதைக் கழற்றியபோது ஊசிகளில் லேசாகப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. துடைத்தேன். என் படிவத்தில் 'துடைக்கவும்' என்று இருந்தது. 'எங்கிருந்து வந்தது என்று கேட்கவும்' என்று இல்லை.

வந்து வந்து போகும் கோளாறு, ஆகவே சென்சாரின் உட்புறம் தேய்ந்திருக்கிறது என்று தீர்ப்பு எழுதினேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு உதிரிபாகக் கடையில் சொல்லிவைத்து, புதன்கிழமை புதிய பெடலையே மாட்டினோம். லோரி குதிரையாகப் பாய்ந்தது. மைத்துனனின் மனைவி எனக்கு நண்டுக் குழம்பு வைத்தாள். நான் ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் லோரி மறுபடி படுத்துவிட்டது.

அவன் என்னைத் திட்டவில்லை. போனில் "பரவால்ல மாமா" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். மறுநாள் மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் அவனும் அவன் மனைவியும் நானும் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். அவன் பிஸ்கட்டைத் தொடவே இல்லை.

"லேட்டுன்னு சொன்னா சரி. நேத்து எல்லார் முன்னாடியும் என்ன கேட்டாங்க தெரியுமா? 'எப்ப பாத்தாலும் வெள்ளிக்கிழமைதான் லேட்டா வர்ற. வியாழக்கெழம ராத்திரி குடிக்கிறியா பாஸ்?' எட்டு வருசமா நான் தொட்டதில்ல மாமா. அடுத்த வெள்ளி பாத்துட்டு முடிவு சொல்றாங்களாம்."

எனக்குக் கோபம் வந்தது, அந்த அம்மாளின் மேல். அவசரமாகப் படிவத்தைப் புரட்டினேன். நான்கு கோளாறுகளுக்கும் தேதி, வெயில், சுமை, கியர், ஓடிய தூரம் எல்லாம் எழுதியிருந்தேன். கிழமைக்குக் கட்டம் போடவில்லை. தேதிகளைக் காலண்டரில் பார்த்தேன். நான்கும் வெள்ளி.

மைத்துனனின் மனைவி தேநீரைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, வியாழக்கெழம சாயங்காலம் நான்தான் லோரிய கழுவுவேன்."

"வெளிய கழுவுனா ஒண்ணும் ஆகாதும்மா."

"உள்ளயும்தான். வெள்ளிக்கெழம லோரிக்குள்ள இருக்குற சாமி படத்துக்குப் பூ போடணும்ல, சேறோட எப்படிப் போடுறது? பைப்ப உள்ள விட்டு அடிப்பேன். அப்புறம் மஞ்சத் தண்ணியில உப்புப் போட்டு, கண்ணு படக்கூடாதுன்னு நாலு பக்கமும் தெளிப்பேன்."

"இந்த வியாழக்கிழமை?"

"இந்தத் தடவ..." அவள் குரல் இறங்கிவிட்டது. "புதுப் பெடல் வந்துச்சேன்னு ஒரு சொம்பு முழுசா அது மேலயே ஊத்துனேண்ணே."

மைத்துனன் சிரிக்க ஆரம்பித்தான். அடக்க முடியாமல் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான்.

"அப்ப வியாழக்கெழம குடிச்சது லோரிதான் லா! போய் அந்தம்மாகிட்ட சொல்லு, உண்மையத்தான் கேட்டாங்கன்னு!"

"வாய மூடுங்க. எனக்கு அழுகையா வருது."

இந்த முறை தீர்ப்பு எழுதாமல் சோதித்தேன். மீட்டரை மாட்டிவிட்டு, அதே மஞ்சள் உப்புத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன். அவள் சொம்பை நீட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். ஊற்றிப் பெடலைப் பாதி அழுத்தியதும் ஒரு சாட்சி பாதி என்றது, மற்றொன்று கிட்டத்தட்ட முழுசு என்றது. மீட்டரில் எண்கள் தள்ளாடின. சாக்கெட்டைக் கழற்றி உள்ளே பார்த்தேன். தண்ணீர் புகாமல் தடுக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. எப்போதோ யாரோ கழற்றி, திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். சாதாரணத் தண்ணீர் நண்பகல் சூட்டில் காய்ந்துவிடும். ஆனால் உப்பு தங்கிக்கொண்டு, அடுத்த நனைப்புக்குக் காத்திருக்கும். காய்ந்த ஞாயிற்றுக்கிழமையில் நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அது அகப்பட்டிருக்காது.

ஊசிகளைச் சுத்தம் செய்து, புதிய வளையம் போட்டு, வயரைக் கால்மிதியை விட்டு மேலே தூக்கிக் கட்டினேன். மறுபடி ஒரு சொம்பு ஊற்றினோம். அளவுகள் அசையவில்லை. இருந்தாலும் உள்ளே ஈரத் துணி மட்டும்தான், மஞ்சள் தண்ணீர் சக்கரத்துக்கும் பம்பருக்கும் என்று பேசி முடித்தோம்.

"சாமி கோவிச்சுக்காதாண்ணே?" என்றாள்.

"பம்பரும் லோரிதானேம்மா" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த நான்கைந்து வாக்கியங்களை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். நான் அடுத்ததாகக் கணினியை மாற்றச் சொல்லியிருப்பேன். அதற்கும் என்னிடம் படிவம் இருந்தது. கணவன் பேரைக் கெடுத்த கோளாறு தன் கையால் வந்தது என்று, பெரிய மனிதனாக உட்கார்ந்திருந்த என் முன்னால் ஒத்துக்கொள்ள அவளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும். பட்டறையில் இத்தனை வருடங்களில் ஒருவர்கூட 'நான்தான் செய்தேன்' என்று என்னிடம் சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கேண்டீன் அம்மாளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர் அவமானப்படுத்தக் கேட்டதுதான், ஆனால் நாங்கள் யாரும் கவனிக்காத கிழமையை அவர் மட்டுமே கவனித்திருந்தார்.

வியாழக்கிழமை இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கி, வெள்ளி விடியலில் லோரியில் நானும் ஏறிக்கொண்டேன். சாமி படத்தில் மல்லிகை. தரை காய்ந்திருந்தது. பம்பர் மட்டும் மஞ்சளாக இருந்தது. ஷா ஆலம் பக்கம் மேடு வந்தது. அவன் பெடலை அழுத்தினான். முன்னால் போன பேருந்தைத் தாண்டி ஏறினோம். அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் டாஷ்போர்டு விளக்குகளைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

ஏழுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கேண்டீனின் பின்வாசலில் நின்றோம். மேற்பார்வையாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு ஒரு பெட்டியைத் திறந்து பீன்ஸை ஒடித்துப் பார்த்தார்.

"இது முத்திப்போச்சு. நாளைக்கு எளசா பாத்து எடுத்துட்டு வா" என்றார் மலாயில்.

அவன் தலையாட்டிவிட்டு லோரியில் ஏறி, கதவைச் சாத்தி, சாவியைத் திருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நாளைக்குன்னு சொன்னாங்க."