இங்கே ஒரு பல்லிகூடக் கிடையாது

எனக்கு வயது அறுபத்தெட்டு. நான் வளர்த்தது ஐந்து பேரை. மூன்று பேர் நான் பெற்றவர்கள், நான்காவது என் வீட்டுக்காரரின் கடைசித் தம்பி, ஐந்தாவது என் வீட்டுக்காரர். நால்வரும் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். ஐந்தாமவரை இன்னும் வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். அவசரம் உள்ளவர்கள் வேறு ஏதாவது படித்துக்கொள்ளலாம்.

முன்பு ஒரு ஜவுளிக் கம்பெனியில் வேட்டி மடிக்கும் வேலையில் இருந்தேன். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருநாள் என்னைக் கிழவி என்று கூப்பிட்டான். கையில் இருந்த வேட்டியை மட்டும் ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த மாதமே சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இந்த வேலை கிடைத்தது. துணியைக் கசங்காமல் சுருட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அது நான்தான் என்றேன்.

அது ஒரு பெரிய வீட்டின் மாடி. வாசல் பலகையில் 'கலை ஆவணக் காப்பகம்' என்று எழுதியிருக்கும். நான் அதைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, காத்திருந்து பார்த்து, மறுபடி சாத்திவிடுவார். உள்ளே பழைய லாரிகளின் படம் போட்ட பலகைகள், சினிமா பேனர்கள், போட்டோ ஸ்டுடியோவில் பின்னால் தொங்கவிடும் படுதாக்கள், சாமி காலண்டர்கள். அடுப்பெரிக்கப் போயிருக்க வேண்டியதெல்லாம் அங்கே ஏசியில் படுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு டேபிள் ஃபேனோ ஐந்தாமவர் பக்கம் மட்டும்தான் திரும்பும்.

அங்கே மேலதிகாரி ஒரு பெண். என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். சென்னையில் படித்தவள். எல்லாரும் மேடம் என்றார்கள், நான் சாமி என்றேன். படங்கள் தூங்குகின்றன, எழுப்பிவிடக் கூடாது என்பது போலத்தான் பேசுவாள். கையுறை போட்டுத்தான் எதையும் தொட வேண்டும். பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, பூச்சி வரும். தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, கறை படும். பூவைக்கூட விட்டுக்கொடுத்தேன். எண்ணெய் வைக்காத தலையோடு பஸ் ஏறியது, கல்யாணம் ஆகி வந்த நாளுக்குப் பிறகு எனக்கு வந்த பெரிய கஷ்டம்.

வேலைக்குப் பெயர் உதவி டெக்னீசியன். மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தரமாக்கி, போட்டோ ஒட்டி, பெயருக்குக் கீழே 'டெக்னீசியன்' என்று அச்சடித்த அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். இதை வீட்டில் சொன்னேன். என் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "தூசி தட்டுற வேலைக்கு இத்தனை பெரிய பேரா அத்தை?" என்று கேட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த அட்டை என் கழுத்தில் தொங்க வேண்டும். அது தொங்கத் தொங்க என் மருமகளின் எதிரில் உட்கார்ந்து நான் கத்திரிக்காய் நறுக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

மூன்றாவது மாதம் முடியும் நேரம். மேடம் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, மோகனூர்ல ஒரு விவசாயி ஐயா இருக்கார். அவர் அப்பாவோட முதல் லாரியில இருந்த பின்பலகை அவர்கிட்ட இருக்கு. புலி படம் போட்டது. அந்த மாதிரி ஒண்ணு நம்மகிட்ட இல்ல. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கேன். இப்பதான் தர்றேங்கறார். ஆனா ஒரே ஒரு கண்டிஷன்."

"என்ன சாமி, பணமா?"

"இல்லம்மா. பல்லி இருக்கக்கூடாதாம். வெள்ளிக்கிழமை இடத்தைப் பார்க்க வர்றார்."

இரண்டு பேரும் மெல்லத் திரும்பிச் சினிமா பேனரைப் பார்த்தோம். அதில் ஒரு கதாநாயகி, பெரிய முகம். வந்த புதிதில் அவளுக்குக் கன்னத்தில் மச்சம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மறுநாள் மச்சம் தாடையில் இருந்தது.

"அதை வெளியேத்திடுங்க. புலி வந்துட்டா உங்க கார்டும் வந்துடும்," என்றாள்.

அடிக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அடிக்கமாட்டேன். பல்லியை அடித்த பாவம் தீரக் காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட வேண்டும், அதற்கு யார் லீவு கொடுப்பார்கள்? சாப்பிட்டு முடித்த டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, கதாநாயகியின் மூக்கருகே வைத்துப் பொறுமையாக நின்றேன். எனக்குப் பொறுமைக்குக் குறைவில்லை. உள்ளே வந்தது, மூடிவிட்டேன்.

பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும். அதனால் சாயங்காலம் டவுன் பஸ்ஸில் கூடவே கூட்டிப்போனேன். மூச்சு முட்டுமே என்று மூடியைக் கொஞ்சம் தளர்த்தி மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "என்னக்கா, டப்பாவை இவ்ளோ பத்திரமா வெச்சிருக்கீங்க? என்ன கொழம்பு?" என்றாள்.

"கொழம்பில்ல கண்ணு. பல்லி."

"அட போங்கக்கா!" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கினாள்.

அந்நேரம் பார்த்துக் கண்டக்டர் குனிந்தார். பல்லி தாவி அவர் தலையில் ஏறி, கழுத்தில் இறங்கி, தோளில் மாட்டியிருந்த தோல் பைக்குள் போய்விட்டது. பஸ் முழுக்க எழுந்து நின்றுகொண்டது.

"தலையில உழுந்தா கலகம்!" என்றார் ஒருவர்.

"ஏழு மணி டவுன் பஸ்ல கலகம் இல்லாம இருந்தாத்தான்யா அதிசயம்," என்றார் கண்டக்டர். பையைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா கொண்டாந்தது? இதுக்கு டிக்கெட் எடுத்தியா?" என்றார்.

"பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லீங்களே."

"இது பொம்பளைன்னு நீ பாத்தியா?"

"நீங்க ஆம்பளைன்னு பாத்தீங்களா?" என்றேன். 

நான் இறங்குமிடத்தில் அவரும் இறங்கிப் பையைக் கவிழ்த்தார். சில்லறை ஒருபக்கம் ஓடியது, பல்லி ஒருபக்கம் ஓடியது. டியூப் லைட் விற்கும் கடை வாசல் அது. எந்நேரமும் வெளிச்சம், எந்நேரமும் பூச்சி. பிள்ளையை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மேடத்திடம், "போயிருச்சு சாமி," என்றேன்.

வெள்ளிக்கிழமை மோகனூர்க்காரர் வந்தார். என் வயதுதான் இருக்கும், கரும்புக்காட்டு வெயில் முகத்தில் தெரிந்தது. அவரும் அவர் வண்டி டிரைவரும் ஜமுக்காளத்தில் சுற்றிய பலகையை மாடிக்குத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தார்கள். டிரைவர் கீழே போய்விட்டார். இவர் ஜமுக்காளத்தை விலக்கினார்.

புலிதான். வால் இருந்தது, வரி இருந்தது. ஆனால் தலையில் கிராப்பு வெட்டி, மீசையை முறுக்கி, யாருக்கோ கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி பார்த்தது.

"பெயிண்டர் அதுக்கு முன்னால புலிய பாத்ததில்லீங்க," என்றார் அவர். "எதுத்தாப்புல எங்கய்யன் குத்தவெச்சு உக்காந்திருந்தாரு. அவரையே பாத்துப் போட்டுட்டான்."

அய்யன் என்றால் எங்கள் பக்கம் அப்பா. அவர் பலகையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கையை எடுக்காமலேயே அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எடமெல்லாம் சில்லுனு நல்லாத்தான் இருக்குதுங்க. பல்லி?"

மேடம் நிமிர்ந்து நின்று, "இங்க ஒரு பல்லிகூடக் கிடையாதுங்க ஐயா," என்றாள்.

ச்சு ச்சு ச்சு.

பேனருக்குப் பின்னாலிருந்து வந்தது. கவுளி, அதுதான் பல்லி, சொன்னால் உடனே தட்ட வேண்டும், அது கைக்குத் தானாக வருவது. அவர் பலகையில் தட்டினார். நான் மேசையில் தட்டினேன். கையுறையோடு தட்டினால் சத்தம் வராது என்று கழற்றிவிட்டு இன்னொரு தரம் தட்டினேன். பார்த்தால் மேடமும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவர் கூரையைப் பார்த்தார். "ஏனுங்க, கவுளி சொன்னா மெய்தானுங்களே?"

"மெய்தானுங்க," என்றேன்.

"அப்ப இங்க பல்லி இல்லீங்க."

"ஆமாங்க."

"அதைச் சொன்னது யாருங்க?"

நான் கழற்றிய கையுறையைத் தேடினேன்.

"பல்லிங்க," என்றார் அவரே. "பல்லி இல்லேன்னு பல்லியே சொல்லுது. பல்லி சொன்னா மெய்யி. மெய்யின்னா இங்க பல்லி இல்ல. இல்லேன்னா சொன்னது ஆரு?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "எங்கய்யன் இருந்திருந்தா இதுக்கு ஒரே வார்த்தைல பதில் சொல்லியிருப்பாரு."

மூன்று பேரும் புலியைப் பார்த்தோம். அது மீசையை மட்டும் காட்டியது.

மேடம் என் காதருகே வந்தாள். "அம்மா, போயிடுச்சுன்னு சொன்னீங்களே!"

"அது போயிருச்சு சாமி. இது அதோட ஊட்டுக்காரரா இருக்கும். தேடிக்கிட்டு வந்திருக்கும்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் காது நல்ல காது. எழுந்து ஜமுக்காளத்தைப் பிரித்துப் புலியின் வாலிலிருந்து மூட ஆரம்பித்தார். "கோவிச்சுக்காதீங்க. நான் மறுக்கா ஒருநாள் வாரேனுங்க."

மேடத்தின் முகம் வாடிப்போனது. எனக்கோ, கத்திரிக்காயும் மருமகளும் கண்முன்னால் வந்து போனார்கள். அட்டை இல்லாத வெறும் கழுத்தோடு எத்தனை கத்திரிக்காய் நறுக்கினாலும் என்ன?

"ஏனுங்க," என்றேன். "உங்க ஊட்ல பல்லி இல்லீங்களா?"

"இல்லாமயா? அதனாலதானுங்க இங்க கொண்டாந்தேன். தெனம் விடிஞ்சா எங்கய்யன் நெத்தில எச்சம், மீசைல எச்சம். எனக்கும் முன்ன மாதிரி குனிய முடியறதில்லீங்க."

"தொடைக்கறது ஆரு?"

"நான்தான். மருமக ஒருநாள் தொடச்சா. நெத்திய மட்டும் தொடச்சுட்டு மீசைய உட்டுட்டுப் போயிட்டா."

"மருமகளுங்க அப்படித்தானுங்க."

"இல்லீங்களா பின்ன!" என்றார். ஜமுக்காளம் இடுப்போடு நின்றது.

"இங்க பாருங்க. பல்லி இருக்குதுங்க. ஒண்ண நானே பஸ்ல கொண்டுபோய் உட்டேன், இன்னொண்ணு இருக்குது. நாளைக்கு வேறொண்ணு வரும். சேலத்துல பல்லி இல்லாத ஊடு நான் பாத்ததில்ல. ஆனா அஞ்சு பேரு மூஞ்சியத் தொடச்சு வளத்தவ நான். உங்கய்யன் ஆறாவதா இருந்துட்டுப் போகட்டும். தெனமும் வந்தவொடனே மொதல் வேலையா நான் தொடைக்கறேன். மீசையோட."

ச்சு ச்சு ச்சு.

அவர் தட்டினார். நான் தட்டினேன். மேடம் எல்லாருக்கும் முன்னால் தட்டினாள்.

"இதுக்கு மேல பேச்சே இல்லீங்க," என்று அவர் ஜமுக்காளத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்கய்யன் இங்கயே இருக்கட்டும். ஆனா இந்தம்மாளும் இங்கயே இருக்கோணும்."

மேடம் தயங்கி, "ஐயா, துணியால துடைக்க மாட்டோம். மெல்லிசு பிரஷ்ஷாலதான்," என்றாள்.

"மீசைக்கு பிரஷ்ஷுதானுங்க நல்லது," என்றார்.

மறுவாரம் அட்டை வந்தது. போட்டோவில் எனக்குக் கண் மூடியிருந்தது. வேறு எடுக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். கண்ணா முக்கியம்? கீழே இருக்கும் எழுத்துதான் முக்கியம். அன்று சாயங்காலம் மருமகளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டாவது கத்திரிக்காய்க்குக் குனியும்போது அட்டை தண்ணீர்ச் சட்டிக்குள் போய்விட்டது. "அத்தை, உங்க டெக்னீசியன் ஊறுது," என்றாள் அவள். என்ன சொன்னாலும் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்துவிட்டது அல்லவா? அதுபோதும்.

பல்லி இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மேடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போனில் யாரிடமாவது ஏதாவது உறுதியாகச் சொன்னால் மட்டும், கொஞ்சம் நிறுத்திப் பேனர் பக்கம் பார்த்துக்கொள்கிறாள்.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். அடி சாமி, பைய அங்கிட்டு வெச்சுட்டு இங்க வா. மொதல்ல இருந்து இதச் சத்தமாப் படி. சமையக்கட்டுல உங்கம்மா காதுல உழுகோணும். டெக்னீசியன்னு வர்ற எடத்துல நிறுத்தி, அத மட்டும் இன்னொருக்கா படி.